வீட்டிலேயே ஜமைக்கா ஜெர்க் இறால் கிரில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரீபியன் ஸ்டைல்ல காரமா சுட்ட இறால்னு தேடினா முதல்ல வந்து நிக்கிறது ஜமைக்காவோட ஜெர்க் மசாலாதான். அது பன்னிக்கறிக்காக உருவான மசாலா, மணிக்கணக்கா புகையில மெதுவா வேகற கறிக்கு. இறால் மூணு நாலு நிமிஷத்துல வெந்துடும். இந்த நேர வித்தியாசத்தை புரிஞ்சுக்கிட்டா எதை எப்போ சேக்கணும், எவ்வளவு நேரம் ஊறணும், தீ எப்படி இருக்கணும்னு எல்லாமே தானா பிடிபட்டுடும். கீழ இருக்கற பதில்ல முக்காவாசி சுத்தி சுத்தி அங்கதான் வரும்.

ஜெர்க்னா மசாலாவா, சமைக்கற முறையா?

ரெண்டும்தான். 1655ல இங்கிலீஷ்காரங்க ஸ்பெயின்கிட்டேருந்து ஜமைக்காவை பிடிச்சப்போ, ஸ்பானிஷ்காரங்க அடிமையா வெச்சிருந்த ஆப்பிரிக்க ஜனங்க நிறைய பேர் மலைக்குள்ள போயிட்டாங்க, அப்புறம் கரும்புத் தோட்டங்கள்லேருந்து தப்பிச்சவங்களும் அவங்களோட சேர்ந்துக்கிட்டாங்க, இவங்களைத்தான் மரூன்கள்னு சொல்றது. அந்தத் தீவோட பூர்வகுடி தைனோ ஜனங்க. கறியை மரச்சட்டத்துல பரப்பி அடியில மெதுவா புகை போடற பழக்கம் அவங்களோடது. காட்டுப்பன்னி, பிமெண்டோ மரம் (ஆல்ஸ்பைஸ் காய்க்கற மரம்), உள்ளூர் மிளகாய், உப்பு, அந்த மலையில கிடைச்சதை வெச்சு ரெண்டு ஜனங்களோட கைப்பக்குவமும் கலந்து வந்ததுதான் ஜெர்க். புகை தெரிஞ்சா பிரிட்டிஷ் சிப்பாய்ங்க கண்டுபிடிச்சுடுவாங்கன்னு குழி தோண்டி மூடி சமைச்சாங்கன்னு ஜமைக்காவுல இன்னிக்கும் சொல்வாங்க. அதே மரூன்கள்தான் சண்டை போட்டு போட்டு 1739ல பிரிட்டிஷ்காரங்களை ஒப்பந்தத்துக்கே வர வெச்சாங்க. இதை தெரிஞ்சுக்கிட்டு சமைக்கணும்னு நான் ரொம்ப விரும்பறேன், ஏன்னா உயிர் பிழைக்க ஓடின ஜனங்க உருவாக்கின சாப்பாடு இது, வெறும் பார்ட்டி ஸ்டார்ட்டரா மட்டும் பாத்தா மனசுக்கு ஒப்பல.

இப்பவும் ஜெர்க்குக்கு பேர் போன ஊர் பாஸ்டன் பே, போர்ட்லாண்ட் மாவட்டத்துல போர்ட் அன்டோனியோ பக்கத்துல இருக்கு. அங்க பழைய முறையில தணலுக்கு மேல பிமெண்டோ கட்டைகளை வரிசையா அடுக்கி, கறியை நேரா அந்தக் கட்டை மேலயே வெச்சு, மேல தகர ஷீட்டை போட்டு மூடிடுவாங்க. கட்டை சூடேறி அதுல இருக்கற எண்ணெய் கசிஞ்சு கறியோட அடிப்பக்கம் ஏறும், மேல புகை சுத்தும். மத்த ஊர்ல ரோட்டோரம் எண்ணெய் ட்ரம்மை நீளவாக்குல ரெண்டா வெட்டி கீல் போட்ட அடுப்புதான் ஜாஸ்தி.

அப்போ ஜமைக்காவுல இறாலை இப்படித்தான் சாப்பிடறாங்களா?

ஜெர்க்னா அங்க முதல்ல பன்னி, அப்புறம் சிக்கன். மீன், இறால், சிங்கி இறால் எல்லாம் பின்னாடி வந்தது, கடலோர ஹோட்டல்லயும் ரெஸ்டாரன்ட்லயும் இப்போ சர்வசாதாரணமா கிடைக்கும்.

ஆனா இறாலுக்குன்னே அங்க ஒரு தனிப் பழக்கம் இருக்கு. செயின்ட் எலிசபெத் மாவட்டத்துல மிடில் குவார்ட்டர்ஸ்னு ஒரு ஊர், பிளாக் ரிவர் ஆத்துப் பக்கம். அங்க ஆத்து இறாலை ஸ்காட்ச் பானட் மிளகாயும் உப்பும் அள்ளிப் போட்டு ஓட்டோட வேகவெச்சு, சின்ன சின்ன ப்ளாஸ்டிக் பையில கட்டி, போற வர்ற வண்டிக்கிட்ட பொம்பளைங்க விப்பாங்க. பெப்பர் ஷ்ரிம்ப்னு பேரு. செக்கச்செவேல்னு இருக்கும், தலையை உறிஞ்சி ஓட்டை உரிச்சு சாப்பிடணும், உதடு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அது கிரில் கிடையாது. ஆனா அந்த ஊர்க்காரங்க இறாலுக்கு எவ்வளவு காரம் தாங்கும்னு நினைக்கறாங்கன்றதுக்கு அதுதான் சாட்சி.

எதை விட்டா அது ஜெர்க்கே இல்லைன்னு சொல்லலாம்?

மூணு விஷயம். பிமெண்டோ, அதாவது கடையில ஆல்ஸ்பைஸ்னு விக்கறது. ஸ்காட்ச் பானட் மிளகாய். புகை. வெங்காயத்தாள், தைம், பூண்டு, இஞ்சி, ஜாதிக்காய், பட்டை, சோயா சாஸ் எல்லாம் கூட வர்றது, வீட்டுக்கு வீடு மாறும். ஆனா ஆல்ஸ்பைஸ் இல்லாம மிளகாய்த்தூள், சீரகத்தூள், எலுமிச்சை போட்டு சுட்டுட்டு ஜெர்க்னு பேர் வெக்காதீங்க, அது நல்லாவே இருக்கும், ஆனா அது வேற பண்டம்.

ஆல்ஸ்பைஸ் நம்ம ஊர்ல எங்க கிடைக்கும்?

ஆன்லைன்ல முழுசாவே கிடைக்குது, பெரிய சூப்பர் மார்க்கெட்ல பேக்கிங் ஐட்டம் இருக்கற ரேக்ல தேடுங்க. கேரளாவுல சர்வசுகந்தின்னு சொல்லி வீட்டுத் தோட்டத்துலயே மரம் வெச்சிருப்பாங்க, அங்க சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ் யாராவது இருந்தா இலையையும் சேத்து கேட்டு வாங்குங்க, இலை எதுக்குன்னு கீழ சொல்றேன்.

நாட்டு மருந்துக் கடையில கேக்கும்போது மட்டும் கவனம். கபாப் சீனின்னு கேட்டா சிலர் ஆல்ஸ்பைஸ் குடுப்பாங்க, சிலர் வால்மிளகு குடுத்துடுவாங்க. வால்மிளகுக்கு குட்டியா ஒரு காம்பு ஒட்டிக்கிட்டிருக்கும். ஆல்ஸ்பைஸ் மிளகை விட கொஞ்சம் பெருசு, காப்பி கலர், உச்சியில சின்னதா ஒரு வளையம் இருக்கும், காதுகிட்ட வெச்சு ஆட்டினா உள்ள விதை கலகலக்கும். நசுக்கி மோந்து பாத்தா முதல்ல கிராம்பு வாசம்தான் வரும், கிராம்புல இருக்கற யூஜெனால்ன்ற அதே வாசனைப் பொருள்தான் இதுலயும் பிரதானம்.

சுத்தமா கிடைக்கலையா, அரை டீஸ்பூன் கிராம்புத்தூள், அரை டீஸ்பூன் பட்டைத்தூள், கால் டீஸ்பூன் ஜாதிக்காய், அரை டீஸ்பூன் மிளகு கலந்து வெச்சுக்கோங்க. பக்கத்துல வரும், அவ்வளவுதான்.

ஸ்காட்ச் பானட்டுக்கு பதிலா பச்சை மிளகாய் போடலாமா?

காரம் வரும், வாசனை வராது. ஸ்காட்ச் பானட்டோட விசேஷமே அந்தப் பழவாசனைதான், ஆப்ரிகாட்டும் மாம்பழமும் கலந்த மாதிரி ஒரு வாசம் அரிஞ்ச உடனே ரூம் பூரா வரும். காரமும் லேசுப்பட்டது இல்ல, மிளகாய்க் காரத்தை அளக்கற ஸ்கோவில் அளவுல 1,00,000லேருந்து 3,50,000 வரைக்கும் போகும், ஹாலப்பீனோ எல்லாம் 8,000ஐ தாண்டறதே அபூர்வம்.

முதல் மாற்று ஹாபனேரோ, ரெண்டும் ஒரே இனம், சில பெரிய காய்கறி கடையில இப்போ வருது. இலங்கையில இருக்கறவங்க அலையவே வேண்டாம், நை மிரிஸ் அதே குடும்பம்தான், வாசனையும் ரொம்ப கிட்ட இருக்கும். வடகிழக்குலேருந்து வர்ற பூத் ஜோலோக்கியா கிடைச்சா கால் மிளகாய்க்கு மேல போகாதீங்க, அது பத்து லட்சம் ஸ்கோவில் தாண்டின மிளகாய். இது எதுவுமே இல்லன்னா காந்தாரி மிளகாய் நாலஞ்சு, கூட நல்லா பழுத்த மஞ்சள் குடமிளகா ஒரு துண்டு சேத்து அரைங்க, அந்தப் பழ வாசனையை குடமிளகா கொஞ்சம் ஈடுகட்டும்.

தைம் இல்ல, ஓமவல்லி போட்டா தப்பா?

தப்பே இல்ல, தாராளமா போடுங்க. நம்ம வீட்டு வாசல்ல இருமலுக்குன்னு வளக்கற அதே கற்பூரவல்லி செடியை டிரினிடாட்ல ஸ்பானிஷ் தைம், பெரிய இலை தைம்னு சொல்லி பச்சை மசாலாவுல அரைச்சு மீனுக்கும் கோழிக்கும் தடவறாங்க. ஜமைக்கா ஜெர்க்குக்கு சின்ன இலை தைம்தான் வழக்கம், ஆனா கரீபியனுக்கு இந்த இலை அந்நியம் கிடையாது. வாசனை தூக்கலா இருக்கும்ன்றதால அரை கிலோ இறாலுக்கு மூணு இலை போதும். காஞ்ச தைம்னா ஒரு டீஸ்பூன்.

எந்த இறால் வாங்கறது? ஓடு இருக்கணுமா?

கிலோவுக்கு 25, 30 நிக்கற சைஸ் வாங்குங்க. அதை விட பொடிசு வாங்கினா மசாலா நிறம் மாறறதுக்குள்ள இறால் வெந்து சுருங்கிடும். பண்ணையில வளர்க்கற வன்னாமெய் இறால் தாராளமா போதும், டைகர் இறால் கிடைச்சா இன்னும் நல்லா சதையா இருக்கும். தலையும் ஓடும் கழிச்சா ஒரு கிலோவுல பாதிக்கு கொஞ்சம் மேலதான் தேறும், நாலு பேருக்கு அந்தக் கணக்கு சரியா இருக்கும்.

ஓடு விஷயத்துல என் கட்சி தெளிவு: கரி அடுப்புன்னா ஓட்டோட, தோசைக்கல்லுன்னா உரிச்சு. நேரடி தணல்ல ஓடுதான் சதையை காயவிடாம காப்பாத்தும், ஓடு லேசா கருகும்போது வர்ற வாசனைக்கு ஈடே கிடையாது. கத்தரிக்கோலால முதுகுப் பக்கம் தலையிலேருந்து வால் வரைக்கும் ஓட்டை வெட்டி, கறுப்புக் குடலை இழுத்துட்டு, அந்தப் பிளவுக்குள்ள விரலால மசாலாவை நல்லா அழுத்தி தேய்ங்க. மேல மட்டும் பூசினா ஓட்டோட சேந்து மசாலாவும் தட்டுக்கு போயிடும்.

ஃப்ரோசன் இறாலும் பரவாயில்லை. ஃப்ரிட்ஜ்ல ராத்திரி வெச்சு ஐஸ் விட்டுட்டு, டிஷ்யூ வெச்சு ஒத்தி ஒத்தி ஈரம் எடுத்துடணும், ஈரம் இருந்தா சுடவே சுடாது, ஆவியில வெந்த இறால்தான் கிடைக்கும். தலைகிட்டயும் ஓட்டுலயும் கறுப்பு புள்ளி இருந்தா பயப்பட வேண்டாம், அது ஒரு என்சைம் பண்ற வேலை, வெட்டின ஆப்பிள் கறுக்கற அதே கதை. அம்மோனியா நாத்தம் அடிச்சா மட்டும் யோசிக்காம தூக்கிப் போடுங்க.

சரி, அளவு சொல்லுங்க.

சுத்தம் பண்ண அரை கிலோ இறாலுக்கு: வெங்காயத்தாள் 5, பூண்டு 4 பல், இஞ்சி ஒரு சின்ன துண்டு, ஸ்காட்ச் பானட் அல்லது ஹாபனேரோ 1 (பழகினவங்க 2), தைம் ஏழெட்டு கொத்து, ஆல்ஸ்பைஸ் 2 டீஸ்பூன் முழுசா, மிளகு 1 டீஸ்பூன், ஜாதிக்காய்த்தூள் கால் டீஸ்பூன், பட்டைத்தூள் கால் டீஸ்பூன், நாட்டுச்சர்க்கரை 2 டீஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். எலுமிச்சை ஒண்ணு, அதை தனியா வைங்க, இப்போ தொடாதீங்க.

ஆல்ஸ்பைஸையும் மிளகையும் வெறும் சட்டியில வாசனை வர்ற வரைக்கும் வறுத்து பொடிங்க. மத்ததெல்லாம் மிக்ஸியில போட்டு விட்டு விட்டு அரைக்கணும், சட்னி பதத்துக்கு மையா அரைச்சா நீர்த்துப்போய் இறால்ல ஒட்டாது, கொரகொரன்னு இருந்தா அந்த வெங்காயத்தாள் துணுக்குங்க தணல்ல பட்டு அங்கங்க கருகும், அதுதான் ஜெர்க்கோட முகம். அரைச்சதுல மூணுல ஒரு பங்கை முதல்லயே எடுத்து தனிக் கிண்ணத்துல வெச்சுடுங்க, பச்சை இறால் தொட்ட கரண்டி அதுல படவே கூடாது. கடைசில அதுதான் சாஸ்.

ராத்திரி முழுக்க ஊற வெச்சா நல்லா ஏறும்ல?

கறிக்கு ஏறும், இறால் கெட்டுப்போகும். இதுதான் நிறைய பேர் சிக்கன் ரெசிபியை அப்படியே எடுத்து இறாலுக்கு பண்றதால வர்ற பிரச்சனை. பச்சை இஞ்சியில புரதத்தை உடைக்கற ஒரு என்சைம் இருக்கு, பன்னித் தொடைக்கு அது நல்லது, இறாலோட மெல்லிசு சதையில மணிக்கணக்கா இருந்தா மேல்பக்கம் கொழகொழன்னு ஆயிடும். எலுமிச்சையும் வினிகரும் இன்னும் வேகம், அந்தப் புளிப்பே இறாலை பாதி வேகவெச்சு வெளுக்க வெச்சுடும், அப்புறம் தணல்லயும் வெச்சா ரெண்டு தடவை வெந்த கணக்கு. பைனாப்பிள் ஜூஸ் சேக்கற ரெசிபியும் சுத்துது, வேண்டாம்னுதான் சொல்வேன்.

அரை மணி நேரம், மிஞ்சிப்போனா முக்கால் மணி. ஃப்ரிட்ஜ்ல. எலுமிச்சை இறால் அடுப்பை விட்டு இறங்கின பிறகு.

உரிச்ச இறால்னா இன்னொரு வழி இருக்கு: மசாலாவுக்கு முன்னாடி அரை டீஸ்பூன் உப்பும் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் பிசிறி 20 நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வைங்க. சதை விறைப்பா நிக்கும், சட்டுனு பொன்னிறமும் பிடிக்கும். அப்படி பண்ணா மசாலாவுல உப்பை விட்டுடுங்க, சோயாவுல இருக்கறதே போதும்.

கரி அடுப்புல எப்படி சுடணும், படிப்படியா?

மூங்கில் குச்சியை அரை மணி தண்ணில ஊறப்போடுங்க. ஒரு வரிசை இறாலுக்கு ரெண்டு குச்சி இணையா குத்தினா திருப்பும்போது இறால் சுத்தாது, ஒத்தைக் குச்சியில ஒரு பக்கமே திரும்பத் திரும்ப வேகும்.

கொட்டாங்குச்சி கரியோ சாதா கரியோ, சாம்பல் பூத்து ஜுவாலை அடங்கற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் தணலை ஒரு பக்கமா ஒதுக்கிடுங்க, ஒரு பாதி நல்ல சூடு, ஒரு பாதி வெறும் அனல். கையை கம்பிக்கு ஒரு சாண் மேல காட்டினா மூணு நாலு செகண்ட்ல இழுத்துக்கத் தோணணும், அந்த சூடு சரி. கம்பியில எண்ணெய் துணியால துடைச்சு, இறால்ல அதிகப்படியா தொங்கற மசாலாவை வழிச்சுட்டு வைங்க. முதல் ரெண்டு நிமிஷம் தொடவே கூடாது. ஒட்டிக்கிட்டிருந்தா இன்னும் வேகலைன்னு அர்த்தம், நேரம் வந்ததும் கம்பியை தானா விடும். திருப்பிப் போட்டு ஒன்றரை நிமிஷம். எண்ணெய் சொட்டி தீ குப்புனு எழும்பினா அனல் பக்கம் தள்ளிடுங்க, தண்ணி தெளிச்சா சாம்பல் பறந்து இறால் மேலதான் உக்காரும்.

வீட்டுக்குள்ளயோ மூடின பால்கனியிலயோ கரி மூட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது. மொட்டை மாடி, வாசல், தோட்டம், எதுவா இருந்தாலும் திறந்த வெளி.

வெந்துடுச்சுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

நிறத்தை மட்டும் நம்பாதீங்க. இறாலுக்குள்ள இருக்கற சிவப்பு நிறமி ஒரு புரதத்துக்குள்ள கட்டுண்டு கிடக்கும், சூடு பட்டதும் அந்தக் கட்டு அவுந்து செவக்கும், அது உள்ள வேகறதுக்கு முன்னாடியே நடந்துடும். முதுகுப் பிளவுல தடிச்ச இடத்தை பாருங்க, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியறது போய் பால்வெள்ளையா மாறின அந்த நொடி எடுத்துடணும். வளைவும் சொல்லும், பிறை நிலா வளைவுல இருந்தா சரி, வால் தலையை தொட்டு வட்டமா சுருண்டுட்டா தாண்டிப்போச்சு. தெர்மாமீட்டர் இருக்கறவங்களுக்கு 63 டிகிரி செல்சியஸ்.

பிமெண்டோ கட்டை இல்லாம அந்தப் புகை எப்படி வரும்?

ஒரு கைப்பிடி முழு ஆல்ஸ்பைஸையும் ஏழெட்டு பிரிஞ்சி இலையையும் தண்ணில ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, இறால் வெக்கறதுக்கு சரியா ஒரு நிமிஷம் முன்னாடி தணல் மேல தூவுங்க. ஆல்ஸ்பைஸ் இலை கிடைச்சவங்க பிரிஞ்சிக்கு பதிலா அதையே போடுங்க, அதுதான் அசலுக்கு ரொம்ப கிட்ட. வெள்ளையா புகை எழும்பினதும் இறாலை வெச்சு மேல ஒரு பெரிய பாத்திரத்தை கவுத்து மூடுங்க. பன்னிக்கறிக்கு மணிக்கணக்கா புகை கிடைக்குது, இறாலுக்கு கிடைக்கறதே நாலு நிமிஷம், அதனால அந்த நாலு நிமிஷமும் புகை கெட்டியா இருக்கணும். முன்னாடியே தூவிட்டா புகையெல்லாம் இறால் வர்றதுக்குள்ள போயிடும்.

எங்களுக்கு அபார்ட்மென்ட், கிரில்லே இல்ல. என்ன பண்றது?

இரும்பு தோசைக்கல் போதும். நல்லா காயவெச்சு, உரிச்ச இறாலை கொஞ்சம் கொஞ்சமா இடைவெளி விட்டு போடுங்க, மொத்தமா கொட்டினா தண்ணி விட்டு குழம்பாயிடும். ஒரு பக்கம் ஒன்றரை நிமிஷம், மறுபக்கம் ஒண்ணு. ஜன்னலை திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனை போட்டுட்டு ஆரம்பிங்க, ஸ்காட்ச் பானட் ஆவி தொண்டையை பிடிக்கும், சின்னப் பசங்களையும் ஆஸ்துமா இருக்கறவங்களையும் வேற ரூம்ல இருக்கச் சொல்லுங்க. ஓவன்னா மேல் கம்பி மட்டும் எரியற கிரில் மோட்ல மேல் தட்டுல அஞ்சு நிமிஷம். ஏர் ஃப்ரையர்ல 200 டிகிரி, அஞ்சாறு நிமிஷம், நடுவுல ஒரு தடவை குலுக்கணும். புகை வேணும்னா ஸ்மோக்டு பாப்ரிகா ஒரு டீஸ்பூன் மசாலாவுல சேருங்க, மரப்புகை வராது, ஆனா தட்டையா இருக்காது.

மசாலா கருகி கசக்குது, ஆனா இறால் சரியாத்தான் வெந்திருக்கு. ஏன்?

சர்க்கரைதான் காரணமா இருக்கும். தேன், கெட்சப், சர்க்கரை எல்லாம் சேத்து கெட்டியா பூசற ரெசிபி நிறைய இருக்கு, நேரடி தணல்ல அது நிமிஷத்துல கருகிடும். மேல சொன்ன ரெண்டு டீஸ்பூனை தாண்டாதீங்க. இனிப்பா பளபளன்னு வேணும்னா, எடுத்து வெச்ச மசாலாவுல ஒரு ஸ்பூன் வெண்ணெயும் கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையும் போட்டு சின்ன தீயில பச்சை வாசனை போக ரெண்டு மூணு நிமிஷம் கொதிக்கவிட்டு, எலுமிச்சை பிழிஞ்சு, இறங்கின இறால் மேல ஊத்தி பிரட்டுங்க. நான் இதைத்தான் எல்லாருக்கும் சொல்றது, இறாலுக்கு ஊறறதுல கிடைக்காத ருசியை இந்தக் கடைசி பிரட்டல் குடுத்துடும்.

குழந்தைங்களுக்கும் வேணும், காரத்தை எப்படி குறைக்கறது?

மிளகாயோட காரம் விதையில இல்ல, விதை ஒட்டிக்கிட்டிருக்கற வெள்ளை நரம்புல இருக்கு. அதை சுரண்டி எடுத்துட்டா வாசனை நிக்கும், காரம் நல்லாவே இறங்கும். இன்னும் குறைக்கணும்னா மிளகாயை அரைக்காம முழுசா அந்த வெண்ணெய் சாஸ்ல போட்டு உடையாம கொதிக்கவிட்டு எடுத்துடுங்க. ஜமைக்காவுல ராஜ்மா போட்ட சாதத்துக்கு அப்படித்தான் முழு ஸ்காட்ச் பானட்டை மேல மிதக்க விடுவாங்க. வாய் எரிஞ்சா தண்ணி உதவாது, பால், தயிர்.

கை எரியுதே?

அடுத்த தடவை கையுறை, இல்லன்னா கையில ப்ளாஸ்டிக் கவர். எரிய ஆரம்பிச்சுட்டா முதல்ல சமையல் எண்ணெய் தேய்ச்சு, அப்புறம் பாத்திரம் கழுவற சோப்பு. மிளகாய்க் காரம் எண்ணெயில கரையும், வெறும் தண்ணில கரையாது. கான்டாக்ட் லென்ஸ் போடறவங்க அன்னிக்கு மிளகாய் பக்கமே போக வேண்டாம்.

பாட்டில்ல வர்ற ஜெர்க் மசாலா வாங்கலாமா?

வாங்கலாம், வாக்கர்ஸ்வுட், கிரேஸ் மாதிரி ஜமைக்கா தயாரிப்பு நல்லாவே இருக்கும். உப்பு ஏற்கனவே தூக்கலா இருக்கும்ன்றதால அரை கிலோவுக்கு ஒன்றரை டேபிள்ஸ்பூன், கூட உப்போ சோயாவோ வேண்டாம், 20 நிமிஷத்துக்கு மேல ஊறவும் வேண்டாம். புதுசா நறுக்கின வெங்காயத்தாளும் தைமும் சேத்தீங்கன்னா பாட்டில் வாசனை தெரியாது.

இறால் அலர்ஜி இருக்கறவங்க நல்லா வேகவெச்சா சாப்பிடலாமா?

கூடாது. அலர்ஜியை கிளப்பற முக்கியமான புரதம் ட்ரோபோமயோசின், அது சூட்டுக்கு மசியாது. அவங்களுக்கு அதே மசாலாவை சிக்கன்லயோ பன்னீர்லயோ போட்டு, இறால் படாத வேற கம்பியில, வேற இடுக்கியால சுடுங்க. இறாலுக்கு முன்னாடி சுட்டுடறது இன்னும் நல்லது.

கூட என்ன வெச்சு சாப்பிடறது?

ஜமைக்காவுல ஜெர்க் கடையில ஃபெஸ்டிவல் இருக்கும், மக்காச்சோள மாவும் மைதாவும் கொஞ்சம் சர்க்கரையும் பிசைஞ்சு நீளமா உருட்டி பொரிச்சது, காரத்துக்கு அந்த லேசான இனிப்பு அவ்வளவு இதமா இருக்கும். பேமின்னு மரவள்ளிக்கிழங்கு ரொட்டி, தைனோ ஜனங்க காலத்துலேருந்து வர்றது, தேங்காப்பால்ல நனைச்சு பொரிப்பாங்க. சுட்ட ஈரப்பலா, பொரிச்ச ஏத்தம்பழம். அப்புறம் ரைஸ் அண்ட் பீஸ், தேங்காப்பால்ல ராஜ்மாவும் தைமும் போட்டு வடிச்ச சாதம், கிறிஸ்துமஸ் சீசன்ல ராஜ்மாவுக்கு பதிலா பச்சைத் துவரை. இதுல பாதி சாமான் நம்ம அடுக்களையிலயே இருக்கறதுதான், அதனால ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா ஜமைக்கா சாப்பாடே பண்ணிடலாம், பண்ணிப் பாருங்க.

ஜெர்க் வேண்டாம், வேற தீவு ஸ்டைல் ஏதாவது?

கரீபியன்லயே பிரெஞ்சுத் தீவுகளான குவாடலூப், மார்டினிக் பக்கம் போங்க. அங்க கிரில் பண்ண மீன், இறாலுக்கு சோஸ் ஷியன்னு ஒரு சாஸ்: வெங்காயத்தாள், பூண்டு, பார்ஸ்லி, தைம், காரமான மிளகாய் எல்லாம் பொடிசா அரிஞ்சு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு சேத்து மேல கொஞ்சம் கொதிதண்ணி ஊத்தி பத்து நிமிஷம் மூடி வெக்கறது. இறாலை வெறும் உப்பு, எண்ணெயோட சுட்டு இதை மேல ஊத்தினா போதும், கருகறதுக்கு மசாலாவே இல்ல, புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு ஜெர்க்கை விட இதுதான் சுலபம்.

அதே தீவுகள்ல கொலம்போ பொடின்னு ஒண்ணு இருக்கு, மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், மிளகு. அடிமை முறை ஒழிஞ்ச பிறகு 1853, 1854லேருந்து பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா கரும்புத் தோட்ட வேலைக்கு கப்பல்ல போன தமிழ் ஜனங்க கொண்டு போனது. அதை ஒரு ஸ்பூன் எண்ணெயில குழைச்சு இறால்ல தடவி சுட்டுட்டு மேல சோஸ் ஷியன் ஊத்திப் பாருங்க, வீட்டுப் பெரியவங்களுக்கு ஜெர்க்கை விட இது சட்டுனு பிடிக்கும்.

மீந்த மசாலாவையும் இறாலையும் எத்தனை நாள் வெக்கலாம்?

பச்சை இறால் ஊறின மசாலாவை வெக்கவே வெக்காதீங்க, கொட்டிடுங்க. தொடாத மசாலா ஃப்ரிட்ஜ்ல நாலு நாள், அதுக்கு மேலன்னா ஐஸ் ட்ரேல ஊத்தி ஃப்ரீசர்ல, பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேந்தது எதையும் வெளிய வெக்கக் கூடாது. ஃப்ரீசர்ல மூணு மாசம் வாசனை போகாம இருக்கும், ஒரு கட்டியை எடுத்து முட்டை பொரியல்ல போட்டாலும் பிரமாதம். சுட்ட இறால் ரெண்டு நாள். திரும்ப அடுப்புல சூடு பண்ணா ரப்பரா போயிடும், ஜில்லுன்னே நறுக்கி மாங்காய், வெள்ளரிக்காய், எலுமிச்சை சேத்து சாலட்டா சாப்பிட்டுடுங்க.